பஹ்ரைன்: எதிலும் முந்திக்கொண்ட தீவு

பஹ்ரைன் அரசுக்கு எண்ணெயால் வரும் வருமானத்தில் பெரும்பகுதி அதன் சொந்த மண்ணிலிருந்து வருவதில்லை. அபூ சஃபா என்னும் எண்ணெய்வயல் சவூதி அரேபியாவின் கடற்பரப்பில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டு இரு நாடுகளும் தங்களுக்கிடையிலான கடல் எல்லையை வகுத்துக்கொண்டபோது, அந்தப் பகுதியின் மீதான இறைமை சவூதிக்கு என்றும், அங்கே எண்ணெய் கிடைத்தால் நிகர வருமானத்தில் பாதி பஹ்ரைனுக்கு என்றும் உடன்பட்டன. எண்ணெய் அங்கே கண்டறியப்பட்டதே அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். எடுப்பதும் விற்பதும் சவூதி அராம்கோவின் வேலை. பஹ்ரைனின் கருவூலத்துக்கு வந்து சேர்வது பங்குத் தொகை மட்டும். வளைகுடா நாடு என்றதும் நம் மனத்தில் எழும் தோற்றத்துக்கு, அதாவது அள்ள அள்ளக் குறையாத எண்ணெயின் மேல் அமர்ந்திருக்கும் சிறு நாடு என்ற தோற்றத்துக்கு, பஹ்ரைன் பொருந்தி வராது. அதன் சொந்த வயல் சிறியது, பழையது, எப்போதோ உச்சத்தைத் தாண்டிவிட்டது.

இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பஹ்ரைனின் வரலாற்றில் பல செய்திகள் தெளிவாகும். வளைகுடாவின் அரபுக் கரையில் முதலில் எண்ணெய் கண்டது பஹ்ரைன். அங்கே முதலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை கட்டியதும், அலுமினிய உருக்காலை தொடங்கியதும், வெளிநாட்டு வங்கிகளை வரிசையாக வரவழைத்ததும், ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தைக் கொண்டுவந்ததும் அதுவே. இவற்றையெல்லாம் ஆட்சியாளர்களின் தொலைநோக்கு என்று அரசின் வெளியீடுகள் பாராட்டுகின்றன. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் கையிருப்பு குறைவாக உள்ளவர் அடுத்த வேலையை முன்கூட்டியே தேடித்தான் ஆக வேண்டும் என்பது அதைவிட எளிய விளக்கம். எனக்கு அதுவே ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். சவூதி அரேபியாவின் கிழக்குக் கரைக்கும் கத்தார் தீபகற்பத்துக்கும் இடையே உள்ள தீவுக் கூட்டம்தான் பஹ்ரைன். இயற்கையான தீவுகள் 33 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. கடலைத் தூர்த்து உருவாக்கிய புதிய தீவுகளையும் சேர்த்தால் எண்ணிக்கை கூடிவிடும். அரபு நாடுகளில் பரப்பளவில் மிகச் சிறியது இது. 1960களில் 700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்த நிலம், தூர்க்கத் தூர்க்க இன்று ஏறத்தாழ 790 சதுர கிலோமீட்டராக வளர்ந்திருக்கிறது. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு முழு நாடு அதைப்போல் இருமடங்குக்கும் சற்றுக் குறைவு. முதன்மைத் தீவு வடக்கு தெற்காக 50 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டும், அகலத்தில் 16 கிலோமீட்டர் அளவுக்குக் குறுகியும் இருக்கிறது. அதன் வடகிழக்கு முனையில் தலைநகர் மனாமா. பாலங்களால் இணைக்கப்பட்ட அடுத்த தீவு முஹர்ரக். பழைய தலைநகரும் இன்றைய விமான நிலையமும் அங்கேதான். நடுவில் ஜபல் அத்துகான் என்னும் குன்று சுமார் 130 மீட்டர் உயரத்துக்கு எழுகிறது. நாட்டிலேயே உயரமான இடம் அதுதான்.

2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 15 லட்சத்தைச் சற்றுத் தாண்டுகிறது. அதில் குடிமக்கள் 7 லட்சத்து 12 ஆயிரம் பேர். மீதமுள்ளோர், அதாவது பாதிக்கும் மேற்பட்டோர், வெளிநாட்டவர். ஆட்சிமொழி அரபு. ஆங்கிலம் வணிகத்தில் பரவலாக வழங்குகிறது. பாரசீகமும் மலையாளமும் உருதும் இந்தியும் தெருக்களில் சாதாரணமாகக் காதில் விழும். நாணயம் பஹ்ரைன் தினார். ஒரு தினாருக்கு 1,000 ஃபில்ஸ். ஓர் அமெரிக்க டாலருக்கு 0.376 தினார் என்ற நிலையான மதிப்பில் அது பல பத்தாண்டுகளாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது.

பாலைவனத் தீவில் மனிதர் குடியேறக் காரணம் நன்னீர். அரேபிய நிலப்பரப்பின் அடியில் ஊறிவரும் நிலத்தடி நீர், பஹ்ரைனின் வடகரையில் ஊற்றுகளாகப் பொங்கியது. அதனால்தான் தீவின் தெற்கு வெறும் பாலையாகவும் வடக்கு பேரீச்சந்தோப்பாகவும் இருந்தன. ஊற்றுகள் சில கடலின் அடியிலும் பீறிட்டன. உப்புநீருக்குள் மூழ்கித் தோல்பையில் குடிநீர் பிடித்துவந்த காலம் அது. இருபதாம் நூற்றாண்டில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் ஊற்றுகள் வற்றின. மனாமாவை ஒட்டிப் புகழ்பெற்றிருந்த அதாரி ஊற்றும் இயற்கையாகச் சுரப்பதை நிறுத்திவிட்டது. இன்று குடிநீரின் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்துப் பெறப்படுகிறது. தெற்குப் பாலையில் நீர்நிலை எதுவும் கண்ணுக்குத் தெரியாத மணல்மேட்டில் தனியே நிற்கும் ‘உயிர் மரம்’ சுற்றுலாப் பயணிகளை இழுக்கும் இடம். ஏறத்தாழ 400 ஆண்டு வயதுடையதாகச் சொல்லப்படும் அந்த மரம், நம் சிவன் கோயில்கள் சிலவற்றில் தலமரமாக நிற்கும் அதே வன்னிதான்.

நீர் இருந்த இடத்தில் கப்பல்கள் நின்றன, கப்பல்கள் நின்ற இடத்தில் சந்தை கூடியது. மெசபொத்தேமியக் களிமண் பலகைகளில் தில்முன் என்று குறிப்பிடப்படும் வணிக நாட்டின் நடுவிடமாக ஆய்வாளர்கள் பஹ்ரைனைக் கருதுகின்றனர். 1950களில் டென்மார்க் நாட்டுத் தொல்லியல் குழு ஒன்று, பி. வி. குளோப், ஜெஃப்ரி பிப்பி ஆகியோர் தலைமையில், வடகரையில் உள்ள கலஅத் அல்பஹ்ரைன் மேட்டைத் தோண்டத் தொடங்கியது. அடுக்கடுக்காக எழுந்த குடியிருப்புகளும் முத்திரைகளும் அங்கே கிடைத்தன. சிந்துவெளியின் அளவுமுறைக்கு ஒத்துவரும் எடைக்கற்களும் கிடைத்தன. ஒமான் பகுதிச் செம்பு, சிந்துவெளிப் பொருள்கள் ஆகியவை இங்கே இறங்கி மெசபொத்தேமியாவுக்கு ஏறின. மெசபொத்தேமியாவில் ‘ஊர்’ என்ற பெயருடைய நகரத்தைச் சேர்ந்த ஏஆ-நாசிர் என்ற செம்பு வணிகர் தரங்குறைந்த சரக்கை அனுப்பிவிட்டார் என்று நன்னி என்ற வாடிக்கையாளர் கி.மு. 1750 வாக்கில் களிமண்ணில் எழுதிய புகார், லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த வணிகர் தில்முன் சென்று செம்பு வாங்கிவந்தவர். சொந்தமாகச் செம்புச் சுரங்கம் இல்லாத ஒரு தீவு செம்பு வணிகத்தால் வாழ்ந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அந்தக் காலத்தின் செல்வம் எத்தகையது என்பதைக் கல்லறை மேடுகள் காட்டுகின்றன. கி.மு. 2200 முதல் 1750 வரையான காலத்தில் எழுப்பப்பட்ட 11,774 மேடுகள், 21 இடங்களில் பரவியவை, 2019இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கலஅத் அல்பஹ்ரைன் 2005இலும் முஹர்ரக்கின் முத்துக்குளிப்புச் சின்னங்கள் 2012இலும் அப்பட்டியலில் இடம்பெற்றன. இவ்வளவு சிறிய நாட்டுக்கு இது பெரிய இருப்புதான். ஆனால் கல்லறை மேடுகளில் பல, வீடும் சாலையும் கட்டுவதற்காக ஏற்கெனவே அழிக்கப்பட்டுவிட்டன.

இடைக்கால வரலாற்றைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. பழைய அரபு நூல்களில் பஹ்ரைன் என்பது பஸ்ராவிலிருந்து ஒமான் வரை நீண்ட அரபுக் கரை முழுவதையும் குறித்தது. தீவுக்கு அவால் என்று பெயர். ஆகவே 930ஆம் ஆண்டு மக்காவின் கஅபாவிலிருந்து புனிதமான கறுப்புக் கல்லைப் பெயர்த்துச் சென்று, 951 வரை தம்மிடம் வைத்திருந்த கர்மதியர் என்னும் கிளர்ச்சிப் பிரிவினரைப் பஹ்ரைனின் ஆட்சியாளர்கள் என்று நூல்கள் சொல்லும்போது, அவர்களின் தலைமையிடம் எதிர்க்கரையில் இருந்த அல்அஹ்ஸா என்பதை மறந்துவிடலாகாது. தீவைப் பொறுத்தவரை 1521இல் போர்ச்சுக்கீசியர் வந்தனர்; 1602இல் பாரசீக சஃபவிப் பேரரசு அவர்களை வெளியேற்றியது; இடையிடையே அறுந்தாலும் பாரசீகத்தின் பிடி 1783 வரை நீடித்தது. அந்த ஆண்டில், கத்தார் கரையில் ஸுபாராவை நிலைக்களனாகக் கொண்டிருந்த பனீ உத்பா குலக்கூட்டத்தின் ஒரு கிளையான அல்கலீஃபா குடும்பம் தீவைக் கைப்பற்றியது. அக்குடும்பமே இன்றும் ஆள்கிறது.

பின்னாளில் எழுந்த சிக்கல்களின் வேர்கள் இந்த 1783இல் இருக்கின்றன. தீவில் ஏற்கெனவே பேரீச்சை பயிரிட்டும் முத்துக்குளித்தும் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் ஷியாப் பிரிவு அரபியர்; பஹார்னா என்பது அவர்கள் பெயர். வந்து ஆட்சியமைத்தவர்களும் அவர்களோடு வந்த குலங்களும் சுன்னிப் பிரிவினர். பாரசீக வேர் கொண்ட ஷியாக்கள், பாரசீகக் கரையில் தலைமுறைகளாக வாழ்ந்து திரும்பிய சுன்னி அரபியர் என்று வேறு பிரிவுகளும் உண்டு. குடிமக்களில் யார் எத்தனை விழுக்காடு என்பதை அரசு வெளியிடுவதில்லை. ஷியாக்களே பெரும்பான்மை என்பதே வெளி ஆய்வாளர்களின் பொதுவான கணிப்பு. இதை வெறும் மதப்பிரிவுப் பூசலாகப் படிப்பது எளிது, ஆனால் போதாது. வென்றவர்களுக்கும் வெல்லப்பட்டவர்களுக்கும் இடையே நிலம், வரி, அரசுவேலை ஆகியவை எப்படிப் பங்கிடப்பட்டன என்ற பழைய கேள்வியின் மேல்தான் மதப்பிரிவு படிந்திருக்கிறது.

பிரிட்டனோடு 1820, 1861, 1880, 1892 என அடுத்தடுத்து எழுதப்பட்ட உடன்படிக்கைகள் பஹ்ரைனைக் காலனியாக்காமலேயே அதன் வெளியுறவை லண்டனின் கைக்குக் கொண்டுபோயின. உண்மையில் லண்டன் என்பதைவிட இந்தியா என்பதே பொருந்தும். வளைகுடாவின் அரசியல் அலுவல்களை 1947 வரை கவனித்தது பிரிட்டிஷ் இந்திய அரசு. 1884இல் பஹ்ரைனில் திறக்கப்பட்டது இந்திய அஞ்சலகம். 1933 முதல் இந்திய அஞ்சல்தலைகளின் மேல் நாட்டின் பெயரை அச்சிட்டு விற்றார்கள். கடைவீதியில் புழங்கியது இந்திய ரூபாய். இந்தியா விடுதலை பெற்ற பிறகும் ரூபாய் அங்கே நின்றது. 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய்த் தாளை வெளியிட்டது. 1965இல் தான் பஹ்ரைன் தன் தினாரை அறிமுகப்படுத்தி, 10 ரூபாய்க்கு ஒரு தினார் என்று மாற்றிக்கொண்டது.

எண்ணெய்க்கு முன் பஹ்ரைனின் உயிர்நாடி முத்து. கோடை தொடங்கி நான்கு மாதம் போல நூற்றுக்கணக்கான பாய்மரக் கப்பல்கள் முத்துப்படுகைகளில் நின்றன. கப்பல் தலைவர் நகுதா, மூழ்குபவர் கைஸ், கயிற்றைப் பிடித்து அவரை மேலே இழுப்பவர் ஸைப். மூக்கில் கவ்வியைப் பொருத்தி, காலில் கல்லைக் கட்டி இறங்கும் அந்த முறை மன்னார் வளைகுடா மீனவருக்குப் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் முத்துக்குளிப்புக்கு வளைகுடா அரபியரே வந்து தமிழரோடு சேர்ந்து மூழ்கியிருக்கின்றனர். தொழிலின் கணக்கு மூழ்குவதைவிட ஆபத்தானது. பருவத்துக்கு முன் நகுதா முன்பணம் கொடுப்பார். பருவம் முடிந்ததும் பங்கில் கழிப்பார். கழித்தபின் பெரும்பாலும் கடனே மிஞ்சும். தந்தை இறந்தால் கடன் மகன் தலையில் விழுந்த வழக்கமும் இருந்தது. பிரிட்டிஷ் அதிகாரிகளின் தூண்டுதலோடு 1920களில் கணக்கேடு கட்டாயமாக்கப்பட்டு, இந்தக் கட்டு ஓரளவு தளர்த்தப்பட்டது. 1926 முதல் 1957 வரை ஆட்சியாளரின் ஆலோசகராக இருந்த சார்ல்ஸ் பெல்கிரேவ் என்ற ஆங்கிலேயரின் பெயர் இந்தக் காலத்து நிர்வாகம் முழுவதிலும் அடிபடும்.

பிறகு ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்தது. 1929இன் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்தது. விலை சரிந்தது, முன்பணம் குறைந்தது, 1932இல் மூழ்குவோர் கலகம் செய்தனர். அதே 1932இல் ஜபல் அத்துகான் அருகே எண்ணெய் பீறிட்டது. இவ்வளவு பொருத்தமாக ஒரு தொழில் சாகும் ஆண்டில் மற்றொன்று பிறப்பது வரலாற்றில் அரிது. எண்ணெய் உரிமத்தை முதலில் பெற்றவர் ஃபிராங்க் ஹோம்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர். தோண்டியது கலிபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் கிளையான பாப்கோ. பிரிட்டனின் ஆட்சேபத்தைச் சமாளிக்க அது கனடாவில் பதிவு செய்யப்பட்டது. 1936இல் ஸித்ரா தீவின் அருகே சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. 1940இல் இத்தாலிய விமானங்கள் வெகுதூரம் பறந்துவந்து அந்த ஆலையைக் குறிவைத்துக் குண்டு வீசிய அளவுக்கு அது முக்கியமானதாகியிருந்தது. சேதம் சிறிதே.

வயல் சிறியது என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. 1970 வாக்கில் நாளொன்றுக்கு 75,000 பீப்பாய்க்குச் சற்று மேலாக உச்சத்தைத் தொட்ட உற்பத்தி அதன் பிறகு இறங்கியது. ஆலை ஓடுவது பெரிதும் சவூதியின் கச்சா எண்ணெயால். கடலடிக் குழாய் வழியே அது வருகிறது. தில்முன் செம்பைப் போலவே, பிறர் சரக்கைப் பக்குவப்படுத்திக் கைமாற்றும் தொழில் இது. வளர்ப்பு முத்து வணிகத்துக்கு மட்டும் பஹ்ரைன் இன்றுவரை தடை போட்டிருக்கிறது; இயற்கை முத்தின் பெயரைக் காக்கும் ஏற்பாடு என்றாலும், அதில் ஒரு பழைய வன்மமும் கலந்திருப்பதாக நினைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் முன்பே வந்ததால் கல்வியும் தொழிற்சங்க உணர்வும் முன்பே வந்தன என்பது முழு உண்மையல்ல. ஆண்களுக்கான முதல் நவீனப் பள்ளி 1919இல் முஹர்ரக்கிலும், பெண்களுக்கான பள்ளி 1928லும், எண்ணெய்க்கு முன்பே திறக்கப்பட்டவை. ஆனால் படித்தவரும் ஆலைத்தொழிலாளரும் ஒன்றுசேர்ந்தபோது வளைகுடாவில் வேறெங்கும் இல்லாத அரசியல் இங்கே முளைத்தது. 1938இலேயே வேலைநிறுத்தம் நடந்தது. 1954 முதல் 1956 வரை சுன்னிகளும் ஷியாக்களும் இணைந்து நடத்திய உயர் செயற்குழு, சட்டமன்றமும் தொழிற்சங்க உரிமையும் கேட்டது. பெல்கிரேவை விலக்கச் சொன்னது. 1956இல் பிரிட்டன் எகிப்தைத் தாக்கிய சூயஸ் நெருக்கடியையொட்டி அதன் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். அப்துர் ரஹ்மான் அல்பாகிர் உள்ளிட்ட மூவர், நெப்போலியனை வைத்திருந்த அதே செயிண்ட் ஹெலினா தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். இரு பிரிவினரும் ஒரே மேடையில் நின்ற அந்த இரண்டாண்டுகளை நினைவில் வைத்தால், பிரிவுப்பகை பஹ்ரைனுக்குப் பிறவிக்குணம் என்ற பேச்சு நிற்காது.

பிரிட்டன் 1971க்குள் வளைகுடாவை விட்டு வெளியேறும் என்று 1968இல் அறிவித்தபோது, பஹ்ரைனின் முன் நின்ற முதல் சிக்கல் ஈரான். பாரசீக ஆட்சிக்கால உரிமையைக் காட்டி ஈரான் தீவைக் கோரிவந்தது. 1957இல் அதைத் தன் பதினான்காம் மாநிலமாக அறிவித்தும் இருந்தது. ஈரான் மன்னரான ஷாவின் அரசும் பிரிட்டனும் முகங்கெடாத வழி ஒன்றைத் தேடின. ஐ.நா.வின் சார்பில் விட்டோரியோ வின்ஸ்பியர் குயிச்சியார்டி 1970இல் வந்து, பொதுவாக்கெடுப்பு நடத்தாமல், சங்கங்களையும் மன்றங்களையும் சமூகத் தலைவர்களையும் கேட்டறிந்தார். மிகப் பெரும்பாலோர் முழு இறைமையுள்ள தனிநாட்டை விரும்புகின்றனர் என்பது அவரது முடிவு. 1970 மே 11 அன்று பாதுகாப்பு மன்றம் 278ஆம் தீர்மானத்தால் அதை ஏற்றது, ஈரானும் ஏற்றது. கத்தாரையும், பின்னாளில் ஐக்கிய அரபு அமீரகம் ஆன ஏழு அரசுகளையும் சேர்த்து ஒன்பது பேர் கூட்டாட்சி அமைக்கும் பேச்சு முறிந்தபின், 1971 ஆகஸ்ட் 15 அன்று பஹ்ரைன் விடுதலையை அறிவித்தது. தேசிய நாளாகக் கொண்டாடப்படுவது என்னவோ டிசம்பர் 16. அது ஷேக் ஈஸா பின் சல்மான் அரியணை ஏறியதை நினைவுகூரும் நாள்.

கத்தாரோடு எல்லைப் பூசல் மேலும் முப்பதாண்டு இழுத்தது. 2001 மார்ச்சில் பன்னாட்டு நீதிமன்றம் ஹவார் தீவுகளைப் பஹ்ரைனுக்கும், அல்கலீஃபாவின் மூதாதையர் ஊரான ஸுபாராவைக் கத்தாருக்கும் உரியனவாகத் தீர்த்தது. இருதரப்பும் அதை ஏற்றன.

விடுதலைக்குப் பின் வந்த முதல் சோதனைக் காலத்தை 1975 என்ற ஒரே ஆண்டில் பார்த்துவிடலாம். 1973 அரசமைப்பின்படி 30 உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்ட தேசிய மன்றம், அரசு கொண்டுவந்த பாதுகாப்புச் சட்டத்துக்கு ஒப்புதல் தர மறுத்தது. 1975 ஆகஸ்டில் ஆட்சியாளர் மன்றத்தைக் கலைத்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில், வெளிநாட்டு வங்கிகள் பஹ்ரைனில் இருந்துகொண்டு நாட்டுக்கு வெளியே தொழில் செய்ய உரிமம் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டு பெய்ரூட்டின் வங்கித் தொழில் சிதறியிருந்த நேரம். டோக்கியோ கதவடைத்து லண்டன் கதவு திறக்கும் இடைவேளையில் பஹ்ரைனின் கடிகாரம் இருந்தது. எண்ணெய் விலை உயர்ந்து பணமும் பெருகிக் கிடந்தது. வங்கிகள் குவிந்தன. இஸ்லாமிய வங்கியியலுக்கான கணக்கியல் நெறிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பும் பின்னர் மனாமாவிலேயே நிலைகொண்டது. மன்றத்தை மூடியதும் வங்கியைத் திறந்ததும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகள் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் இவ்விரண்டும் சேர்ந்து அடுத்த கால் நூற்றாண்டின் ஆட்சிமுறையைக் காட்டின. பொருளாதாரம் திறந்தே இருந்தது, அரசியல் மூடியே கிடந்தது.

அலுமினியமும் இந்தக் காலத்ததே. அலுமினியத் தாதுவான பாக்சைட் ஒரு கல்கூட இல்லாத நாட்டில், ஆஸ்திரேலியாவிலிருந்து அலுமினா இறக்கி, சொந்த இயற்கை எரிவாயுவால் மின்சாரம் எடுத்து உருக்கும் ஆல்பா ஆலை 1971இல் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று ஆண்டுக்கு 15 லட்சம் டன்னுக்கு மேல் உருக்கி, உலகின் பெரிய உருக்காலைகளில் ஒன்றாக இருக்கிறது.

1986 நவம்பரில் திறக்கப்பட்ட மன்னர் ஃபஹத் பாலம், 25 கிலோமீட்டர் நீளத்தில் பஹ்ரைனைச் சவூதியோடு இணைத்தது. செலவை ஏற்றது சவூதி. அன்றிலிருந்து பஹ்ரைன் புவியியலில் தீவாக இருந்தாலும் வாழ்க்கையில் தீவாக இல்லை. வார இறுதியில் அல்கோபரிலிருந்தும் தம்மாமிலிருந்தும் கார்கள் வரிசைகட்டி வந்தன. சவூதியில் திரையரங்கு இல்லை, மது இல்லை, பெண்கள் கார் ஓட்ட முடியாது. பஹ்ரைனில் மூன்றும் உண்டு. அக்கரையில் கிடைக்காததைத் தருவது நல்ல வருமானமுள்ள தொழிலாயிற்று. ஆனால் 2018இல் சவூதி திரையரங்குகளைத் திறந்து, பெண்களுக்கு ஓட்டுநர் உரிமமும் கொடுத்தது. ரியாத் நகரம் பன்னாட்டு நிறுவனங்களின் தலைமையகங்களைத் தன் பக்கம் இழுக்கத் தொடங்கியது. வங்கித் தொழிலில் துபாய் அதற்கு முன்பே முந்திவிட்டது. அண்டை நாடுகள் மாறாதிருக்கும் வரை செல்லுபடியான, முந்திக்கொண்டவரின் சாதகம், அவை மாறியதும் கரைகிறது. இன்றைய பஹ்ரைனின் பொருளாதாரக் கவலையின் மையம் இதுதான். எண்ணெய் குறைவு என்பது பழைய கவலை.

இடத்தை வாடகைக்கு விடுவதன் மற்றொரு வடிவம் கடற்படைத் தளம். பிரிட்டன் 1971இல் காலிசெய்த மனாமாவின் ஜுஃபைர் தளத்தின் ஒரு பகுதியை அமெரிக்கா எடுத்துக்கொண்டது; 1995இல் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்ட அமெரிக்க ஐந்தாம் கடற்படைப் பிரிவின் தலைமையகம் இப்போது அங்கே இருக்கிறது. பிரிட்டனும் 2018இல் தன் நிரந்தரத் தளத்தை மீண்டும் திறந்தது. 2020 செப்டம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்தோடு சேர்ந்து இஸ்ரேலுடன் உறவு ஏற்படுத்திக்கொண்டதையும் இந்தப் பாதுகாப்புக் கணக்கோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். நாட்டின் வெளியுறவு ஈரானைப் பற்றிய அச்சத்தாலும் சவூதியைச் சார்ந்திருப்பதாலும் அளவிடப்படுகிறது. தனக்கென்று தனிப்பாதை எடுக்கும் கத்தாரின் துணிச்சலுக்கு வேண்டிய எரிவாயு பஹ்ரைனிடம் இல்லை.

1999இல் ஷேக் ஈஸா மறைந்து ஹமத் பின் ஈஸா ஆட்சிக்கு வந்தபோது, நம்பிக்கை பிறந்தது. கைதிகள் விடுவிக்கப்பட்டனர், நாடுகடத்தப்பட்டோர் திரும்பினர். 2001 பிப்ரவரி 14 அன்று சீர்திருத்தங்களை வகுத்த தேசியச் செயல்திட்டச் சாசனத்துக்கு ஆதரவாக 98.4 விழுக்காட்டினர் வாக்களித்தனர். ஓராண்டு கழித்து, அமீரின் ஆட்சியில் இருந்த பஹ்ரைன் முடியரசாயிற்று. ஆனால் அதே நாளில் வந்த 2002 அரசமைப்பு, தேர்ந்தெடுக்கப்பட்ட 40 பேர் அவைக்கு இணையாக மன்னர் நியமிக்கும் 40 பேர் அவையை வைத்தது. பிரதமராக 1971 முதல் இருந்த மன்னரின் சிற்றப்பா கலீஃபா பின் சல்மான், 2020 நவம்பரில் இறக்கும்வரை பதவியில் இருந்தார். உலகில் அவ்வளவு காலம் அப்பதவியில் இருந்தவர் அரிது. பட்டத்து இளவரசர் சல்மான் பின் ஹமத் அடுத்துப் பிரதமரானார்.

2011 பிப்ரவரி 14 அன்று, சாசன வாக்கெடுப்பின் பத்தாம் ஆண்டு நாளில், போராட்டம் தொடங்கியது; மறுநாள் மனாமாவின் முத்துச் சதுக்கத்தில் மக்கள் கூடினர். அரசமைப்புச் சீர்திருத்தம் தொடங்கி முடியாட்சியே வேண்டாம் என்பதுவரை கோரிக்கைகள் விரிந்தன. மார்ச் 14 அன்று சவூதி, அமீரகப் படைகள் பாலம் வழியே வந்தன; நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது; 18ஆம் நாள், முத்தை ஏந்தி நின்ற நினைவுத்தூணே இடித்துத் தள்ளப்பட்டது. பின்னர் மன்னரே அமைத்த, சட்ட அறிஞர் செரிஃப் பஸ்ஸியூனி தலைமையிலான விசாரணைக் குழு, காவலில் சித்திரவதை நடந்ததையும் அளவுமீறிய பலம் பயன்படுத்தப்பட்டதையும் நவம்பரில் மன்னர் முன்னிலையிலேயே பதிவு செய்தது. ஈரான் கிளர்ச்சியை இயக்கியது என்பதற்குத் தெளிவான ஆதாரம் தனக்குக் கிடைத்த தகவல்களில் இல்லை என்றும் சொன்னது. அரபு அரசு ஒன்று தன்னைப் பற்றி இப்படி ஓர் அறிக்கையைப் பெற்று வெளியிட்டது அரிய நிகழ்வு. ஆனால் அதற்குப்பின் நடந்தவை வேறு திசையில் சென்றன: பெரிய எதிர்க்கட்சியான அல்விஃபாக் 2016இலும், இடதுசாரி வஅத் 2017இலும் கலைக்கப்பட்டன, அக்கட்சிகளில் இருந்தோர் தேர்தலில் நிற்கவும் 2018இல் சட்டம் தடைவிதித்தது.

குடிமக்களும் வெளிநாட்டவரும் என்ற மற்றொரு பிரிவினையைத் தமிழ் வாசகர் நன்கு அறிவர். கட்டுமானம், கடை, வீட்டுவேலை, மருத்துவமனை, அலுவலகம் என எங்கும் தெற்காசியர் இருக்கின்றனர்; இந்தியரே அதில் பெரிய தொகுதி, அவர்களில் மலையாளிகளுக்கு அடுத்துத் தமிழரும் தெலுங்கரும் கணிசம். மனாமாவின் பழைய சந்தையில் சிந்துப் பகுதியின் தட்டாய் வணிகர்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் நிறுவிய ஸ்ரீநாத்ஜி கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. ஆனால் கத்தார், குவைத் போன்ற இடங்களிலிருந்து பஹ்ரைன் ஒரு வகையில் மாறுபடும்: அங்கே குடிமக்களும் டாக்சி ஓட்டுகின்றனர், கடையில் நிற்கின்றனர், ஆலையில் வேலை பார்க்கின்றனர். வேலையில்லாதோருக்கான காப்பீட்டை வளைகுடாவில் முதலில் கொண்டுவந்ததும் இதனால்தான். வெளிநாட்டுத் தொழிலாளியின் கூலி குறைவு குடிமகனின் வேலையைப் பறிக்கிறது என்ற மனக்குறையும், ஒப்பந்தக் கூலியாள் வேலையளிப்பவர் பிடியிலிருந்து எளிதில் விலக முடியாத நிலையும் ஒரே சந்தையின் இரு முகங்கள். 2009 முதல், வேலையளிப்பவரின் ஒப்புதல் இன்றியே பணி மாறலாம் என்று விதிகள் தளர்த்தப்பட்டன. வீட்டுப் பணியாளர்கள் அதில் பெரிதும் சேர்க்கப்படவில்லை.

அரசின் கணக்கேடு இப்போது இறுகிக்கொண்டிருக்கிறது. 2014இல் எண்ணெய் விலை சரிந்தபின் பற்றாக்குறை விரிந்து, பொதுக்கடன் நாட்டின் ஓராண்டு உற்பத்தி மதிப்பையே தாண்டிவிட்டது. 2018இல் சவூதி, அமீரகம், குவைத் மூன்றும் 1,000 கோடி டாலர் உதவி தருவதாக உறுதியளித்து, செலவைக் குறைக்கும் திட்டத்தைக் கேட்டுப் பெற்றன. அதே ஆண்டில் மேற்குக் கடலில் பாறையிடுக்கு எண்ணெய் பெருமளவில் இருப்பதாக அரசு அறிவித்தது; எடுப்பது கடினமும் செலவும் மிக்கது என்பதால் அது கருவூலத்தை இன்னும் மாற்றவில்லை. 2019இல் 5 விழுக்காடாக வந்த மதிப்புக்கூட்டு வரி 2022இல் 10 விழுக்காடாயிற்று. பெரிய பன்னாட்டு நிறுவனங்களின் இலாபத்தின் மீது 15 விழுக்காடு வரி 2025 முதல் வந்திருக்கிறது. தனிநபர் வருமான வரி இன்னமும் இல்லை. அதை எட்டவேண்டிய நாள் வந்தால், வரிவிகிதத்தை முடிவு செய்ய யார் அமர்வார் என்பதற்கு 2002இன் அரசமைப்பு ஏற்கெனவே விடை எழுதி வைத்திருக்கிறது: மக்கள் தேர்ந்தெடுத்த நாற்பது பேர், மன்னர் நியமித்த நாற்பது பேர்.